பதினோரு முதல் அத்தியாயங்கள்

பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து நோயாளிகளை வரிசையாகக் கூப்பிடுபவள், இரண்டு வருஷமாக நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிக்கொண்டிருந்தாள் என்பது கொஞ்சம் மிகை. முதல் அத்தியாயத்தை எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். இரண்டாவது அத்தியாயம் பேச்சோடு சரி.

ஒவ்வொரு முறையும் வாசித்துக் காட்ட அகப்பட்டவர் அவள் கணவர். நகரப் பேருந்து ஓட்டுநர். கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்பார். பத்து முறை அப்படியே சொன்னார். பதினோராவது முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி கேட்டவர் வாயே திறக்கவில்லை. அவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. நோட்டை மூடி, எனக்கு எழுத வராது, இதோடு விட்டுவிடப் போகிறேன் என்றாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தீர்மானித்துவிட்டாள்.

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நானும் எப்பவாவது ஒரு ஸ்டாப்பைத் தாண்டிப் போயிடுவேன். ஏற நின்னவங்க திட்டத்தான் செய்வாங்க. அதுக்காக ரிவர்ஸ் எடுக்க முடியுமா? உள்ள இருக்கிறவங்க கடைசி ஸ்டாப்புக்குப் போகணுமில்ல? நீ பதினோரு தடவை ரிவர்ஸ் எடுத்துட்ட. நான் உள்ளதான் உக்காந்திருக்கேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. பஸ் ஓட்டுவதும் நாவல் எழுதுவதும் ஒன்றா என்று முணுமுணுத்தாள். ஆனாலும் மறுநாள், டாக்டர் சாப்பிடப் போன முக்கால் மணி நேரத்தில், இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு பக்கம் எழுதினாள். கண்றாவியாக இருந்தது. திருத்தவில்லை. அதன்பின் தினம் ஒரு பக்கம். தப்பென்று தெரிந்த இடத்தில் ஓரமாக ஒரு பென்சில் கோடு, அப்புறம் அடுத்த வரி. நாயகியின் தம்பி பாதியில் அண்ணனாகிவிட்டான். அவனுக்கும் ஒரு கோடுதான்.

பத்து மாதத்தில் நாவல் முடிந்தது. கோடுகளையெல்லாம் சரிசெய்ய மொத்தமாகப் படித்தபோதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. கதை தொடங்குவதே இரண்டாவது அத்தியாயத்தில். முதல் அத்தியாயம் இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது, ஓட்டம்தான் கூடும். உருவி எடுத்துவிட்டாள். இரண்டு வருஷ உழைப்பாயிற்றே, அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. மனசு லேசாக, சந்தோஷமாக இருந்தது.

அவருக்குத்தான் தாங்கவில்லை.

"எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே," என்றார்.

அன்று முழுக்க அவரைச் சமாதானப்படுத்துவதே அவளுக்கு வேலையாகப் போயிற்று.