பெட்டிக்குள் அகப்பட்ட அழைப்பு

தவசீலன், ஞானசுந்தரத்துக்குக் கொடுக்க வேண்டிய கடன் இருநூற்று எண்பது யூரோ. மகளின் பிறந்தநாளுக்கு அவரை அழைக்க பாரிஸின் லாச்சப்பலுக்கு வந்தவன், அவருடைய கட்டடத்தின் உள்கதவைத் திறக்கும் கோட் நம்பர் தெரியாமல், அழைப்பிதழைக் கடிதப் பெட்டிக்குள் போட்டுவிட்டு மனைவிக்குப் போன் எடுத்தான்.

"பெட்டிக்குள்ளையோ? கரண்ட் பில்லே குடுக்கிறியள்?" கோசலை சீறினாள். "அந்தாள் கோவிச்சு நாளைக்கே காசைக் கேக்கும். எடுங்கோ!"

உணவகத்தில் கோப்பை கழுவித் தடித்த விரல்களைப் பெட்டியின் வாய்க்குள் நுழைத்தான். அழைப்பிதழ் அகப்பட்டது, பொத்திய கை வெளியே வரவில்லை. தகரம் மணிக்கட்டைக் கடித்தது. அழைப்பிதழை விட்டால் கை வந்துவிடும். விட அவனுக்குத் துணிவில்லை. அடுத்தவன் பெட்டியில் கை வைப்பது இந்த நாட்டில் பொலிஸ் வரை போகிற குற்றம்.

உள்கதவு திறந்தது. ஞானசுந்தரமேதான்.

"டேய், என்ரை பெட்டிக்குள்ளை என்னத்தையடா தேடுறாய்?"

"கையிலை தரத்தான் அண்ணை..."

அவர் சாவி போட்டுப் பெட்டியைத் திறந்தார். கதவோடு தவசீலனும் இழுபட்டு வந்தான். கதவின் உள்பக்கத்தில் அவன் விரல்கள் அழைப்பிதழை நீட்டிக்கொண்டிருந்தன. அவர் வாங்கியதும் கை கழன்றது.

"ஓம், கையாலைதான் தந்திருக்கிறாய்." அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வாறன். ஆனா என்வலப் கொண்டு வரமாட்டன். நீ தரவேண்டிய இருநூற்று எண்பதும் பிள்ளைக்கு என்ரை மொய்."