மூன்று பந்தி

தொக்கம் எடுத்த அன்று வீட்டில் இருந்தவர்கள்: கோகிலாம்பாள், வயது ஐம்பத்திரண்டு, நெஞ்சுக்குள் சோறு நிற்கிறவள். அவள் புருஷன் தனுஷ்கோடி, கடைசியாக யார் பேசினாலும் அதுதான் சரி என்கிறவர். நாத்தனார் சுப்பம்மாள், எப்போதும் கடைசியாகப் பேசுகிறவள். மகள் சுவாதி. தொக்கத்தை, அதாவது தொண்டையில் சிக்கிய தீனியை, ஊதி எடுப்பதில் அந்த வட்டாரத்தில் பேர் வாங்கிய கருத்தப்பாண்டி.

முதலில் கறிதான் இறங்கவில்லை. பிறகு இட்லியைத் தண்ணீர் ஊற்றித் தள்ள வேண்டியிருந்தது. இப்போது கஞ்சி மட்டும். அருப்புக்கோட்டை டாக்டர் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பதினாலு வருஷத்துக்கு முன் இவளுக்கு மார்பில் கட்டி வந்ததையும் மதுரையில் கரண்டு வைத்ததையும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. கதிர்வீச்சுக்கு அந்தப் பக்கம் கரண்டு என்றுதான் பேர். இப்போது சுவாதிக்கு வரன் பார்க்கிற நேரம், தாய்க்குப் புற்று என்று வெளியே தெரிந்தால் எவன் பெண் எடுப்பான்? சுப்பம்மாள் போட்ட உத்தரவு.

கருத்தப்பாண்டி குழலைக் காதில் வைத்து ஊதினார். கழுத்தை உருவினார். வயிற்றை அமுக்கினார். பிறகு உள்ளங்கையை விரித்தார். நகமளவு கோழிக்கறி.

"பாத்தீகளா! இதுதான் அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு."

கோகிலாம்பாள் அதை வாங்கி மோந்து பார்த்தாள்.

"நான் கறி தின்னு நாலு மாசமாச்சேய்யா."

"அப்ப நாலு மாசமா உள்ள கெடந்திருக்கு தாயி."

"நாலு மாசம் கெடந்த கறியில இன்னும் பட்டை வாசம் அடிக்கிது. யாரு வீட்டுல ஆக்குனது? நல்லா ஆக்கியிருக்காக."

சுவாதி சிரித்துவிட்டாள். சுப்பம்மாளுக்கு மூஞ்சி கறுத்தது.

"கேலி பேசாத கோகிலா. கைராசிக்கார மனுசரு."

"மதினி, இன்னைக்குக் கஞ்சி நிக்கிது. நாளைக்குத் தண்ணி நிக்கும். நான் மதுரைக்குப் போறேன். கரண்டு வச்சதையும் சொல்லத்தான் போறேன்."

"அதான் எரிச்சாச்சே, அந்த எடத்துல திரும்ப என்னடி வரும்? ஊருக்குத் தெரிஞ்சா ஒம் மகதான் கல்யாணம் ஆகாம வீட்டுல உக்காரணும்."

"உக்காந்துட்டுப் போறேன் அத்தை," என்றாள் சுவாதி. "அம்மா உசுரோட இருந்தா ரெண்டு பேருமா உக்காந்திருப்போம்."

தனுஷ்கோடி கொஞ்சம் காத்துப் பார்த்தார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

"சரி, மதுரைக்குப் போவோம்," என்றார்.

மதுரையில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் மாதவன் சுற்றி வளைக்கவில்லை.

"பழசு திரும்பி வரலைம்மா. இது உணவுக்குழாய்ல புதுசா வந்த புற்று. அன்னைக்கு மார்புக்கு வச்ச கதிர் உள்ள உணவுக்குழாயிலயும் பட்டிருக்கும். முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. சில பேருக்குப் பல வருஷம் கழிச்சு இப்படி வரும்."

"அப்ப அன்னைக்கு வச்சது தப்பா?"

"வைக்கலைன்னா இந்தப் பதினாலு வருஷம் இருந்திருக்க மாட்டீங்க."

அதில் அவளுக்குத் தகராறு இல்லை.

அதே இடத்தில் திரும்பக் கரண்டு வைப்பது சரிப்படாது, மருந்து ஏற்றிச் சுருக்கி, அறுத்து எடுக்க வேண்டும் என்றார். கதிர் பட்ட சதை சீக்கிரம் ஆறாது, ஆபத்து உண்டு. உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய் மாதிரித் தைத்துக் கழுத்து வரை இழுத்து இணைப்பார்களாம்.

"வயித்தத் தூக்கி நெஞ்சுல வைக்கப் போறீக. அப்ப பசி எங்க எடுக்கும்?"

டாக்டர் சிரித்தார். "எங்க எடுத்தாலும் சாப்பிடலாம்மா. என்ன, கொஞ்சங் கொஞ்சமா, மெதுவா."

"மெதுவாத்தானே? எனக்கென்ன பஸ்ஸா போகுது?"

ஆபரேஷன் முடிந்தும் தையல் ஓரிடத்தில் கசிந்தது. வாரக்கணக்கில் வயிற்றில் துளை போட்டுக் குடலுக்குள் விட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் தின்பதை முறைத்துக்கொண்டே கிடந்தாள். எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொள்ளவில்லை. சாம்பார் ஊற்றிய சோறு வேண்டும், பந்தியில் நாலு பேரோடு உட்கார்ந்து தின்ன வேண்டும், அவ்வளவுதான். கசிவு அடைந்தது. அறுத்தெடுத்த சதையின் ஓரங்களில் நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

அடுத்த வருஷம் சுப்பம்மாள் மகன் அருண்பாண்டியனுக்குத் திருச்சுழியில் கல்யாணம்.

"நீ பந்திக்கு வர வேணாம் கோகிலா," என்றாள் சுப்பம்மாள். "ரூம்புல வச்சுக் கரைச்சுக் குடுக்கச் சொல்றேன். பொண்ணு வீட்டுக்காரக பாப்பாக."

"பாக்கட்டும் மதினி."

முதல் பந்தியில் நடு வரிசையில் உட்கார்ந்தாள். சோற்றைக் கொஞ்சமாக வாங்கினாள். ஒரு வாய். மென்றாள், இன்னும் மென்றாள், விழுங்கினாள். இறங்கியது. எங்கும் நிற்காமல் இறங்கியது. கொஞ்சம் இருந்து அடுத்த வாய். அவள் நாலு வாய் முடிப்பதற்குள் பந்தி எழுந்துவிட்டது. இலை எடுக்க வந்தவன் அவள் இலைமேல் கை நீட்டினான்.

"தொட்டுப் பாரு," என்றாள். அவன் அடுத்த இலைக்குப் போனான்.

இரண்டாம் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி, ரெண்டாந் தடவையா?"

"மொதத் தடவதான். எனக்குப் புத்து வந்து உணவுக்குழாய எடுத்துட்டாக. நின்னு நெதானமாத்தான் திங்கணும்."

வரிசையே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் பரிமாறுகிறவனை அதட்டினாள். "ஏப்பா, இவுகளுக்கு ரசம் சூடா கொண்டா. வடைய விட்றாதீக மதினி, நல்லாருக்கு."

பாயசத்தை மட்டும் வேண்டாம் என்றாள். இனிப்பு வேகமாக இறங்கினால் அவளுக்குக் கிறுகிறுக்கும்.

மூன்றாம் பந்தியில் வீட்டுக்காரர்கள். மிச்சமிருந்த ஒரே இடம் கோகிலாம்பாளுக்குப் பக்கத்தில். சுப்பம்மாள் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள்.

"இன்னுமாடி முடியல?"

"வடை இருக்கு. நீங்க முந்துறீகளா, நான் முந்துறனா பாப்போம்."

சுப்பம்மாள்தான் முந்தினாள். கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோதும் கோகிலாம்பாள் வடையைக் கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தாள். சுப்பம்மாள் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ஊர் திரும்புகிற வேனுக்குப் போனாள்.

கடைசிக் கிள்ளும் இறங்கியது. கோகிலாம்பாள் இலையைத் தன் பக்கமாக மடித்தாள்.

நாற்காலிகளை அடுக்கியாயிற்று. மண்டபத்துக்காரர் சாவியோடு நின்றார்.

"நீங்கதாம்மா கடைசி."

"ஆமா, நான்தான்," என்று நிமிர்ந்து படியிறங்கினாள். அவர் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, அவளுக்குப் பின்னால் பூட்டைப் பூட்டினார்.