நாலு விரற்கடை

தென்காசி கூலக்கடை பஜாரில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருக்கிறது என் பட்டறை. அதை யாராவது பொம்மைக் கடை என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொம்மை என்பது பிள்ளைகள் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரிவது. நான் செய்வது வேறு. ஆளைப் பார்த்து, அளந்து, ஆறில் ஒரு பங்கு உயரத்தில் அவரையே மேசை மேல் நிறுத்துகிறேன். உடம்பு மட்டும் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும். முகம், முடி, உடுப்பு, நிற்கிற தோரணை எல்லாம் என் கை. எட்டு வருடத்தில் ஒருவர்கூட "இது அவரை மாதிரி இல்லையே" என்று திருப்பிக் கொண்டுவந்ததில்லை. கொண்டுவந்தாலும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

ஆவுடைத்தாய் வந்தது ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் பிடித்த வாரம். போலீஸ் வேலை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, விசாரணைக்கு வந்தவள் போல நேராக உட்கார்ந்தாள்.

"யக்கா, என்னையவே செய்யணும். கபடி ஆடுத மாதிரி. கீழ விழுந்து கெடக்கேன், காலைப் பிடிச்சிருக்காவ, கையி நடுக்கோட்டைத் தொட்டிருக்கு. அந்தத் தொட்டது மட்டும் நல்லாத் தெரியணும்."

"ஆருக்குக் கொடுக்க?"

"எங்க மாமாவுக்கு. அவரு வீட்டு முன்ரூம்ல வைக்கணும். காலையில கண்ணு முழிச்சா அதுதான் தெரியணும்."

இது அன்பளிப்பு இல்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. கேட்டேன், கொட்டினாள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஐந்தருவிப் பக்கம் ஒரு மைதானத்தில் சீசன் கபடிப் போட்டி. பெண்கள் இறுதி ஆட்டம். இவள் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருக்க, கடைசியாக இவள் பாடிப் போனாள். எதிரணிப் பெண் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். பிடிபட்டாலும் விரல் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் தப்பித்ததாகக் கணக்கு. பிடித்தவள்தான் வெளியே போக வேண்டும். இவள் விழுந்தபடியே கையை நீட்டினாள். தொட்டுவிட்டேன் என்று இன்றுவரை சத்தியம் செய்கிறாள். நடுவர் தொடவில்லை என்று விசிலடித்துவிட்டார். அந்த நடுவர்தான் நல்லக்கண்ணு, இவளுடைய சொந்தத் தாய்மாமன்.

அன்றோடு பேச்சு நின்றது. இப்போது ஆவணியில் இவளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுக் கைபிடித்துக் கூட்டிவராமல் மணமேடைக்கு எப்படிப் போவாள் என்று அம்மா தினமும் அழுகிறாளாம். இவளோ, தொட்டது உண்மை என்று மாமா தன் வாயால் சொன்னால்தான் பத்திரிகை வைப்பேன் என்று நிற்கிறாள். பிடித்தால் பிடித்த பிடி. எனக்கு இந்த மாதிரி ஆட்களைப் பிடிக்கும், நானும் அந்த ரகம்தான்.

"சரி, செய்வோம்" என்றேன். "முதல்ல உடம்பு."

கபடி உடுப்பில் முழங்கையும் முழங்காலும் வெளியே தெரியும். சாதாரண உடம்பென்றால் அந்த இடங்களிலெல்லாம் மூட்டும் திருகாணியும் பல்லிளிக்கும். முழுக்கைச் சட்டை போட்ட வக்கீலுக்கு அது போதும், இவளுக்கு ஆகாது. ஆகவே மூட்டு தெரியாத உடம்பு. உள்ளே எஃகு எலும்புக்கூடு, மேலே தலை முதல் கால் வரை ஒரே தோலாக சிலிக்கான். மடக்கினால் தோலும் கூடவே மடங்கும். விலை கூடுதல், திமிரும் கூடுதல்.

மூன்று மாதிரிகளை மேசையில் கிடத்தினேன். ஆவுடை யோசிக்காமல் நடுவில் இருந்ததை எடுத்தாள். கைப்பிடிக்குள் அடங்குகிற இடுப்பு, குச்சிக் கால், தேவைக்கு மேல் மார்பு.

"இது நல்லாருக்குலா, யக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. இவளைக் கொண்டுபோய் அருவியில நிறுத்து பாப்போம். ஐந்தருவி வேண்டாம், சாரலே அடிச்சிட்டுப் போயிரும்."

சிரித்துவிட்டாள். பெண் என்றால் இப்படித்தான் என்று முடிவுகட்டிய யாரோ ஒருவன் வார்த்த உடம்பு அது. அதை எடுத்துவைத்துவிட்டு மூன்றாவதை அவள் கையில் கொடுத்தேன். தொடை திரண்டு, தோள் அகன்று, வயிறு தட்டையாக இல்லாமல் பலமாக இருக்கிற உடம்பு. ஆவுடை அதைக் கையில் எடை பார்த்தாள். பிறகு தன் தொடையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"இதுதான் நான்" என்றாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அவள் உயரம், கை நீளம், பாதம், கெண்டைக்கால் சுற்றளவு எல்லாம் நாடா வைத்து எடுத்துக்கொண்டேன். அவள் தம்பி சுபாஷ் மைதானத்து ஓரத்தில் நின்று எடுத்த வீடியோவும் என் போனுக்கு வந்தது.

இரண்டு வாரம் வேலை. சிலிக்கானில் சாதாரணப் பெயின்ட் ஒட்டாது. அதற்கென்று உள்ள நிறமியைக் கலந்து அவள் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். சிவப்புப் பனியனை உப்புத் தண்ணீரில் நாலு தடவை அலசி, உள்ளே மெல்லிய சதைநிறத் துணி கொடுத்துத் தைத்தேன். இல்லாவிட்டால் சாயம் தோலில் இறங்கிவிடும், பிறகு எந்தச் சாமி வந்தாலும் போகாது. இந்த உடம்பிலும் மணிக்கட்டில் ஒரு இணைப்பு தெரியும், கைகள் தனியாகச் செருகுவதால். அவள் அன்றைக்குக் கட்டியிருந்த கறுப்புக் கயிறு அதை மறைத்துக்கொண்டது.

தோரணை வைப்பதுதான் கடைசி வேலை, அதுதான் வேலையும். தெரியாதவர்கள் கையில் ஆரம்பிப்பார்கள். நான் இடுப்பில் ஆரம்பிப்பேன். விழுகிற உடம்பு இடுப்பில்தான் விழுகிறது. கையும் காலும் அதற்குப் பின்னால் போகின்றன. பவுடர் பூசி, இடுப்பைத் திருப்பி, தோளைத் தாழ்த்தி, பிறகு கையை நீட்டவேண்டும். சிலிக்கான் பழைய நிலைக்கே திரும்பப் பார்க்கும். அதனால் வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம் வளைத்து, அது பின்வாங்கி நிற்கிற இடத்தில் நமக்கு வேண்டியது கிடைக்க வேண்டும். பழகாத கை முழங்காலை முறுக்கித் தோலைக் கிழித்துவிடும். என் கை கிழித்ததில்லை.

தரையை ஒரு பலகையில் செய்திருந்தேன். செம்மண், அதில் நடுக்கோடு. மைதானத்தில் அங்கிருந்து எதிரணிப் பக்கம் மூன்று மீட்டர் தள்ளி இன்னொரு கோடு உண்டு, உள்கோடு. பலகையில் அது ஐம்பது சென்டிமீட்டர். வீடியோவை நிறுத்திப் பார்த்தேன். விழுந்து கிடக்கும் ஆவுடையின் கால்நுனிக்கும் உள்கோட்டுக்கும் நடுவே அவள் பாதத்தால் மூன்று பாத தூரம். அதே இடத்தில் காலை வைத்தேன். இடுப்பு, தோள், கை. விரல்நுனி நடுக்கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது.

மறுபடி வீடியோவைப் பார்த்தேன். அதில் விரலுக்கும் கோட்டுக்கும் நடுவே நாலு விரற்கடை மண் பளிச்சென்று கிடந்தது. தொடவில்லை. நல்லக்கண்ணு விசிலடித்தது சரி.

வீடியோவில் தொடாத விரல் என் பலகையில் தொடுகிறது என்றால், ஒன்று உடம்பு தப்பு, அல்லது நான் தப்பு. இரண்டாவதை நான் யோசிக்கவே இல்லை. உடம்பின் கையை அளந்தேன், சரியாக இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆவுடைக்குப் போனைப் போட்டு உடனே வரச் சொன்னேன்.

மத்தியான டூட்டி மாற்றிக்கொண்டு வந்தாள். சாதாரணச் சுடிதார். பட்டறையின் நீளவாக்கில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டேன், டேப் பிடித்து, சரியாக மூன்று மீட்டர் இடைவெளியில்.

"படு."

"எதுக்கு யக்கா?"

"படுன்னா படு. வீடியோல கெடக்க மாதிரி."

உள்கோட்டுக்கு என்று போட்ட கோட்டிலிருந்து மூன்று பாதம் எண்ணி அவள் காலை வைத்து, கணுக்காலை நானே அழுத்திப் பிடித்தேன். ஆவுடை மூச்சை இழுத்துக் கையை நீட்டினாள். விரல் இரண்டும் சாக்பீஸ் கோட்டின் மேல் விழுந்தன.

"பாத்தீங்களா!" தரையில் கிடந்தபடியே கத்தினாள். "தொடுது! நான் சொன்னேம்லா?"

"எந்திரி. இதைப் பாரு."

வீடியோவை நிறுத்திக் காட்டினேன். ஆறு வருடமாக அவள் அதைப் பார்த்ததில்லையாம். "எனக்கே தெரியும், எதுக்குப் பாக்கணும்" என்ற வீம்பு. இப்போது பார்த்தாள். விரலுக்கும் கோட்டுக்கும் நடுவில் கிடந்த மண்ணைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"அப்பம் நான் தொடலையா?"

அவள் கேட்டது எனக்குத் தாங்கவில்லை. ஆனால் என் கண் வேறு இடத்தில் நின்றுவிட்டது. படத்தில் நடுக்கோட்டின் தூரத்து முனையும் பக்கத்து முனையும் ஒரே நேரில் இல்லை. தூரத்து முனை தன் இடத்தில் இருந்தது. இவள் விழுந்து கிடந்த இந்தப் பக்கம் வர வர, கோடு இவள் அணியின் பக்கமாக விலகிக்கொண்டே வந்தது. சரியாக நாலு விரற்கடை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே நன்றாக ஆடத் தெரிந்தவளுக்குக் கூடம் நிஜமாகவே கோணல்.

"ஏட்டி, நீயும் சரி, உங்க மாமாவும் சரி" என்றேன். "நடுவுல இருந்திருக்க வேண்டிய கோட்டை நீ தொட்டிருக்க. அங்கன போட்டிருந்த கோட்டைத் தொடல. கோடு கோணலாப் போட்டிருக்கு. எந்த மடப்பய போட்டான் இதை?"

ஆவுடை படத்தில் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"சாரல்ல அழிஞ்சிருக்கும், எவனோ அவசரத்துல இழுத்துட்டுப் போயிருக்கான். ஆருன்னு நெனவிருக்கா?"

அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது நுனி சிவந்தது.

"இடைவேளையில சாரல் வந்துச்சு, யக்கா" என்றாள் மெதுவாக. "கோடு கரைஞ்சிட்டு. கோடு போடுத ஆளு டீ குடிக்கப் போயிட்டாரு. எனக்குப் பொறுக்கல. சுண்ணாம்பு வாளியை எடுத்து..." நிறுத்தினாள். "நாந்தான் போட்டேன்."

நான் மடப்பய என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சிரிக்கவும் முடியவில்லை. ஆறு வருடம் ஒரு மனுசரோடு பேசாமல் இருந்தவள், தன் கையால் போட்ட கோட்டுக்காக.

"இப்பம் சொல்லு" என்றேன். "என் பலகையில கோடு நேராத்தான் கெடக்கு. இப்படியே கொடுத்தா விரல் தொட்டுத்தான் இருக்கும், அதுல பொய்யும் கெடையாது. உங்க மாமா அளந்து பார்த்தாலும் குத்தம் கண்டுபிடிக்க முடியாது. நீ ஜெயிச்சிருவ. என்ன செய்யணும்?"

ஆவுடை மேசை அருகே போய் நின்றாள். அவளே அங்கே குப்புறக் கிடந்தாள், திரண்ட தொடையும் நீட்டிய கையுமாக. நேரான கோட்டின் மேல் இரண்டு விரல். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கோணலாப் போடுங்க, யக்கா. நான் போட்ட மாதிரியே. விரல் பட வேண்டாம்."

"நெசமாவா?"

"ஆமா. அவரு பார்த்தது இதைத்தான்."

சொல்லிவிட்டு அங்கேயே தன் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்தாள். மூன்றாவது மணியில் எடுத்தார் நல்லக்கண்ணு.

"ஆரு?"

"நான்தான் மாமா. ஆவுடை."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"மாமா, அந்தக் கோடு கோணல். சாரல்ல அழிஞ்ச பொறவு நாந்தான் போட்டேன். எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"தெரியும்லா" என்றார் அவர். "நீ வாளியத் தூக்கிட்டுப் போறத நான் பார்த்துக்கிட்டுத்தான நின்னேன். நேராத்தான் போடுதான்னு விட்டுட்டேன். நீ கெடந்து கையை நீட்டும்போதுதான் கோணல் எனக்கே தெரிஞ்சிது."

"பொறவு ஏன் சொல்லல?" என்றாள் ஆவுடை. "ஊரு பூரா உங்களத்தான ஏசிச்சு!"

"என்னன்னு சொல்ல? தாய்மாமன் நடுவுல நின்னுக்கிட்டுக் கோடு கோணல்னா, மருமகளுக்குப் பரிஞ்சு பேசுதான்னுவான். போட்டது நீதான்னா, உன் டீம் பிள்ளைகளே உன்னையத் தின்னுரும். நடுவரை ஏசுதது ஊர்ல உள்ளதுதான, ஏசிட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்."

ஆவுடை அழுதாள். மறைக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை இங்கே சொல்வதில் எனக்கொன்றும் வெட்கமில்லை. ஷாலால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"மாமா, புதன்கிழமை பத்திரிகை வைக்க வருதேன். வீட்டுல இருப்பீங்களா?"

"நான் எங்கட்டி போனேன்? ஆறு வருசமா வீட்டுலதான் இருக்கேன்."