பத்து எண்ணும் வரை

கடையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு ரிமோட்டைத் தடவிப் பார்த்தாள்.

"மேடம், கண்ணைத் திறந்தே பாக்கலாம். பாக்கிறதுக்கு வரி கிடையாது," என்றான் விற்பனையாளன்.

அவன் முதலில் எடுத்து வைத்தது கண்ணாடிப் பலகை போன்ற ஒன்று. தொட்டால் ஒளிர்ந்தது. விரலுக்கு எல்லா இடமும் ஒன்றாகவே இருந்தது. இரண்டாவதில் ஐம்பத்திரண்டு பொத்தான்கள், பயறு பயறாக. மூன்றாவது தடியாக, அவலட்சணமாக இருந்தது. தலைப்பகுதியில் நான்கு பெரிய பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அவள் கட்டைவிரல் தானாகப் போய் முதல் பொத்தானில் நின்றது.

"அது பழைய மாடல். வயசானவங்கதான் வாங்குவாங்க."

"எனக்கும் வயசாகிட்டுதான் இருக்கு. இது மத்த ரிமோட்கிட்ட கத்துக்குமா?"

"கத்துக்கும் மேடம். நம்மளவிடச் சீக்கிரமா."

அவள் அதையே வாங்கினாள்.

அண்ணனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஓரங்கள் தெரியும், நடு தெரியாது. ஆளைப் பார்க்க வேண்டுமானால் ஆளுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்ப்பான். நாற்பது வருடம் கட்டட வரைபடங்களில் கோடு போட்டவன். ஓய்வு பெற்றதும் தனக்கென்று வாங்கியது ஒன்றே ஒன்று, ஹோம் தியேட்டர். டிவி, ஆம்ப்ளிஃபயர், டிஸ்க் பிளேயர், அறையைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர்கள். கண் மங்கிய பிறகும் பழைய படங்களைக் கேட்டுக்கொண்டிருந்தான். முகம் தெரியாவிட்டால் என்ன, குரல் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று தெரிந்ததே, அது போதும் என்பான்.

சிக்கல் ரிமோட்டில் வந்தது. மூன்று ரிமோட்கள். ஒன்றென்று நினைத்து ஒன்றை அழுத்துவான். பள்ளி அலுவலகத்தில் வேலை செய்யும் அண்ணி மாலையில் வீடு திரும்பும்போது அவன் ஊமையான நீலத் திரைக்கு எதிரே கைகட்டி உட்கார்ந்திருப்பான். எப்போதிருந்து என்று கேட்டால் சொல்ல மாட்டான்.

நேற்று அண்ணி ஃபோனில் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை பையன் வண்டியோட வர்றான். எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிடச் சொல்லிட்டேன். தினமும் தோத்துட்டு உக்காந்திருக்கறதப் பாக்க முடியலம்மா. ரேடியோ போதும் அவருக்கு."

"அண்ணா என்ன சொன்னான்?"

"சரின்னாரு. அதுதான் பயமா இருக்கு."

ஆமாம். அண்ணன் எதற்கும் சரி என்று சொன்னதாக அவளுக்கு நினைவில்லை.

"நாளைக்கு நான் வர்றேன். அவனா போட்டுக் காட்டினா?"

"நான் கண்ணால பாக்கணும். அப்புறம் வண்டிய நிறுத்தச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு போட்டாள். லிஃப்ட் கம்பெனியில் அவளுக்கு வேலை. கதவு எத்தனை வினாடி திறந்திருக்க வேண்டும், எத்தனை வினாடி கழித்து மூட வேண்டும் என்று அமைத்துக் கொடுப்பாள். ஐம்பத்து நான்கு வயது. ஊரில் பாதிக் கட்டடங்களில் ஆட்கள் அவள் கணக்குப்படி ஏறி இறங்கினார்கள்.

கதவைத் திறந்த அண்ணன், நிலைப்படியைப் பார்த்துச் சிரித்தான்.

"வா ரிமோட்."

அவளுடைய பட்டப்பெயர் அது. வீட்டுக்கு முதல் டிவி வந்தபோது அவளுக்கு ஆறு வயது, அவனுக்குப் பதினான்கு. திருகு வைத்த டிவி. யாராவது எழுந்துபோய்த்தான் திருக வேண்டும். அந்த யாராவது எப்போதும் அவள்தான். ரிமோட் என்ற ஒரு பொருள் உலகத்தில் இருப்பதை அண்ணன் எங்கோ படித்துவிட்டு வந்து, நம் வீட்டில் ஏற்கனவே ஒன்று இருக்கிறது என்றான். பெயர் ஒட்டிக்கொண்டது.

"ரிமோட்டே ரிமோட் வாங்கிட்டு வந்திருக்கா, கேட்டியா?" என்று, அவள் கையில் கொடுத்ததைத் தடவியபடி சுவரிடம் சொன்னான்.

"வாயக் குறை. பழைய ரிமோட் மூணும் எங்க?"

அவள் மேஜையில் துணி விரித்து உட்கார்ந்தாள். கூட வந்த புத்தகத்தில் கம்பெனி வாரியாக எண்கள் இருந்தன. டிவி மூன்றாவது எண்ணில் பணிந்தது. டிஸ்க் பிளேயர் முதல் எண்ணிலேயே. ஆம்ப்ளிஃபயர் செய்த கம்பெனி புத்தகத்திலேயே இல்லை. அதற்குக் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும்.

பழைய ரிமோட்டையும் புதியதையும் மூக்கோடு மூக்காக வைத்தாள். நடுவே இரண்டு விரல் இடைவெளி. பழையதில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் புதியதில் விளக்கு இரண்டு முறை சிமிட்டும். கற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

"என்ன பண்றே?" என்றான் அண்ணன்.

"பெரிசு சின்னதுக்குச் சொல்லிக்கொடுக்குது."

"சின்னது கேக்குதா?"

"என்னைவிட நல்லாக் கேக்குது."

சத்தம் கூட்டும் பொத்தானில் விளக்கு சிமிட்டவில்லை. நகத்தால் அழுத்தினாள். ஒன்றுமில்லை. திருப்புளி எடுத்து ரிமோட்டைத் திறந்தாள். மற்ற பொத்தான்களுக்கு அடியிலெல்லாம் கறுப்புப் பொட்டு பளிச்சென்று இருந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் தேய்ந்து மழுங்கிவிட்டது. கண் குறையக் குறைய அவன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறான்.

அவள் அதை அவனிடம் சொல்லவில்லை. "உன் பிரஷர் மாத்திரை அட்டை ஒண்ணு குடு," என்றாள். காலி அட்டையின் வெள்ளித் தாளில் மிளகளவு கிள்ளி, பசை தொட்டு, பொட்டு இருந்த இடத்தில் ஒட்டினாள். மூடி அழுத்தினாள். விளக்கு இரண்டு முறை சிமிட்டியது.

பிறகு வரிசை. முதல் பெரிய பொத்தானை ஒருமுறை அழுத்தினால் நான்கு காரியம் நடக்க வேண்டும். டிவி எரிய வேண்டும். ஆம்ப்ளிஃபயர் எரிய வேண்டும். அது கண் விழிக்க ஏழு வினாடி. அதன்பின் அதை டிஸ்க் பக்கம் திருப்ப வேண்டும், கடைசியில் பிளேயரை எழுப்ப வேண்டும். எல்லாம் சேர்ந்து பத்து வினாடி. அவளுக்கு இது கைவந்த வேலை. பொத்தானின் மேல் பசையால் ஒரு மேடு வைத்தாள், விரல் தேடாமல் நிற்க.

அழுத்தினாள். பத்தாவது வினாடியில் ஐந்து மூலைகளிலிருந்தும் மழை பெய்தது. ஏதோ பழைய படத்தின் தொடக்கம்.

அண்ணன் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து மலர்ந்தது. "குடு இங்க."

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கொடுத்தாள். அவன் அழுத்தினான். நீலத் திரை. சத்தமில்லை. மறுபடி அழுத்தினான். எரிந்துகொண்டிருந்ததும் அணைந்தது.

அவள் வாங்கி அழுத்தினாள். மழை பெய்தது. அவன் அழுத்தினான். நீலத் திரை.

வரிசையைப் பிரித்துப் பார்த்தாள். ஏழு வினாடியை எட்டாக்கி, மறுபடி ஏழாக்கினாள். பாட்டரியைக் கழற்றி மாட்டினாள். அவள் கைக்கு ஒவ்வொரு முறையும் வந்தது, அவன் கைக்கு ஒருமுறைகூட வரவில்லை. மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. ஐந்தரைக்கு அண்ணி வந்துவிடுவாள்.

"ரிமோட் சரியில்ல," என்றான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"அப்ப எனக்குத்தான் தெரியல. விடு." ரிமோட்டை மேஜையில் வைத்தான். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தான். "தூக்கிட்டுப் போகட்டும். அவன் வீட்லயாவது ஓடும்."

வண்டி வருவதைப் பற்றி அவன் பேசியது அப்போதுதான்.

"கடைசியா ஒரு தடவை அழுத்து," என்றாள்.

இந்த முறை அவள் திரையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். அவன் கையை நீட்டினான். அழுத்தினான். அழுத்திய மறுகணம் ரிமோட் மடிக்குள் கவிழ்ந்தது, முதுகு நாற்காலியில் சாய்ந்தது, கால்மேல் கால் ஏறியது. டிவி எரிந்தது, ஆம்ப்ளிஃபயர் எரிந்தது. மீதி இரண்டு உத்தரவும் அவன் வேட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இதே சாய்வு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அண்ணன் "போடு" என்பான். சொன்னதோடு அவன் வேலை முடிந்தது. தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வான். அவள் ஓடிப்போய் ஸ்டெபிலைசரைப் போடுவாள். அதன் முள் பச்சைக்கு வரும்வரை ஒரு கையைச் சுவிட்சில் வைத்தபடி பத்து எண்ண வேண்டும். அவசரப்பட்டால் டிவி புகைந்துவிடும் என்று அவளை மிரட்டி வைத்திருந்தான். "ஓடாதே. நிதானமா எண்ணு," என்று கண்ணைத் திறக்காமலே சொல்வான். பத்து என்றதும் சுவிட்ச். அவன் கண்ணைத் திறக்கும்போது படம் ஓடும். அந்தப் பத்து எண்ணிக்கை அவனுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. அது அவளுடையது.

"அண்ணா, நீ ஏவிட்டுச் சாய்ஞ்சுடறே."

"அப்புறம் நின்னுக்கிட்டா இருப்பாங்க?"

"கையை இறக்கக் கூடாது. அது சொல்லி முடிக்கிறவரைக்கும் நீட்டிக்கிட்டே இருக்கணும். பத்து எண்ணு."

அவன் அவளுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தான், அதாவது அவளைப் பார்த்தான்.

"ஸ்டெபிலைசரா?"

"ஸ்டெபிலைசர்தான்."

"நானா எண்ணணும்?"

"நான் எண்ணல? பாவாடை கட்டின காலத்துலேர்ந்து எண்ணினேன்."

பூட்டில் சாவி திரும்பியது. அண்ணி கைப்பையோடு வாசலிலேயே நின்றாள். சுவரோடு சாய்ந்து செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

தங்கை எல்லாவற்றையும் அணைத்து ரிமோட்டை அவன் கையில் வைத்தாள். மேட்டில் அவன் கட்டைவிரல் நின்றது. கையை நீட்டி அழுத்தினான்.

ஒன்று. டிவி எரிந்தது. இரண்டு. ஆம்ப்ளிஃபயரின் சின்ன விளக்கு. மூன்று, நான்கு. அவன் உதடு வேகமெடுத்தது.

"ஓடாதே. நிதானமா எண்ணு," என்றாள்.

ஐந்து. முழங்கை லேசாக ஆடியது. ஆறு. ஏழு. எட்டில் ஆம்ப்ளிஃபயருக்குள் டக் என்று ஒரு சத்தம். ஒன்பதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னான்.

மழை பெய்தது. முதலில் இடது மூலையில், பிறகு அறை முழுவதும்.

அவன் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"இறக்கலாமா?"

"இறக்கு."

"இன்னொரு தடவை," என்றாள் அண்ணி.

அணைத்தான். மறுபடி அழுத்தி எண்ணினான். இந்த முறை யாரும் நிதானமாக எண்ணச் சொல்லவில்லை. மழை சரியாகப் பத்தில் வந்தது. அண்ணி செருப்பைக் கழற்றினாள். கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வாடா. வண்டியெல்லாம் வேண்டாம், பஸ்ல வா. உங்கப்பா படம் போடுவாரு."

அண்ணன் எதையும் கேட்காதவன் போல நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக் கண்ணை மூடினான். மழைக்குள் யாரோ குதிரையில் வந்தார்கள். பின்பக்கமிருந்து வந்தார்கள்.

"ரிமோட்," என்றான் கண்ணைத் திறக்காமல். "அந்த ஃபேனைக் கொஞ்சம் குறை."

அண்ணி சிரித்த பிறகுதான் தான் எழுந்து நிற்பதே அவளுக்குத் தெரிந்தது.