மேட்டுத்தெருவின் கடைசிப் பொதுக்குழாய்

நகராட்சியின் குடிநீர்ப் பொறியாளர் சாரத்தடியில் நின்றிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. ஊருக்கென்று முதன்முதலாக எழும்பிக்கொண்டிருந்த மேல்நிலைத் தொட்டி. தூண்கள் பாதி உயரம் வந்திருந்தன. ஆணையர் தொலைபேசியில் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"விதிய மாத்திட்டாங்கம்மா. இனிமே தண்ணித் திட்டத்துக்கு மானியம் கிடையாது, கடன்தான். அதுவும் வீட்டுக்கு வீடு மீட்டர் வச்சு, தெருக்குழாய எல்லாம் மூடின ஊருக்குத்தான்."

"நம்மது பாதி முடிஞ்ச வேலை சார்."

"பாதி முடிஞ்சா முடியாததுதானாம்."

மறுநாளே ஒப்பந்தக்காரர் கலவை இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளங்கள் தெருத்தெருவாய் வாயைப் பிளந்து கிடந்தன. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே எட்டாமல் போனது ஓர் ஊரின் வாய்க்கு.

அவள் தலைநகருக்குப் போனாள். நிதித்துறை அதிகாரி பகலெல்லாம் வராந்தாவில் காக்கவைத்தாலும் மரியாதையாகவே பேசினார். "நான் விதிய எழுதலம்மா, படிக்கத்தான் செய்றேன். ஆய்வுக்கு ஆள் வருவாங்க. அதுக்குள்ள குழாய மூடிடுங்க. இல்லேன்னா உங்க ஊர் வரிசையில கடைசிக்குப் போயிரும்." கெஞ்சிப் பார்த்தாள். வாதாடிப் பார்த்தாள். அவர் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் மூடும் வேலை தொடங்கியது. குழாய் வேலை பார்க்கும் பிட்டர் குறடோடு முன்னால் நடக்க, அவள் பின்னால் நடந்தாள். சில தெருக்களில் வைதார்கள். சில தெருக்களில் ஒன்றுமே பேசாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கடைசியில் மேட்டுத்தெரு. அங்கே எந்த வீட்டுக்கும் இணைப்பு இல்லை. இருந்த அழுத்தத்துக்குத் தண்ணீர் அந்த மேட்டில் ஏறாது. தெருவின் அடிமுனைக் குழாயில் காலையில் நூலாய் ஒழுகுவதைத்தான் எல்லாரும் பிடித்தார்கள். தையல்காரரான அவளுடைய அண்ணன் அந்தத் தெருவில்தான் இருந்தார். கூடவே அண்ணி, பிரசவத்துக்கு வந்திருந்த மகள், கைக்குழந்தை.

பிட்டர் குறடைக் கீழே வைத்தார். "இது இருக்கட்டும் மேடம். ஆய்வுக்கு வர்றவரு இந்த மேட்டுப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாரு."

அவள் தலையசைத்துவிட்டு இறங்கினாள். அடுத்த நாள் கீழ்த்தெருப் பெண்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். "உங்க அண்ணன் தெருவுக்கு மட்டும் தனி விதியாம்மா?" என்றாள் ஒருத்தி. அவள் பிட்டரிடமிருந்து குறடை வாங்கிக்கொண்டு தானே மேடேறினாள்.

அண்ணி குழாயடியில் வாளியோடு நின்றிருந்தாள். "குழந்தைத் துணி இன்னும் அலசல" என்றாள்.

"அலசிக்குங்க அண்ணி. நான் நிக்கிறேன்."

"இன்னிக்கு நிப்ப. நாளைக்கு?"

"தொட்டி வந்துட்டா உங்க வீட்டுக்குள்ளயே வரும் அண்ணி. அதுக்குத்தான் மூடுறேன்."

வாளி நிறைந்ததும் அண்ணி அதைத் தூக்கிக்கொண்டாள். பிறகு, "தண்ணி குடுக்கிற வேலைன்னு சொல்லித்தான் உங்கண்ணன் உன்ன படிக்கவச்சாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் குறடைத் திருகினாள். குழாய் மூடிக்கொண்டது.

ஆய்வு நடந்தது, கடனும் கிடைத்தது. ஆனால் கேட்டதில் ஒரு பங்கு வெட்டுப்பட்டிருந்தது. "தொட்டி உயரத்தக் குறைச்சுக்கங்க" என்றார் அதிகாரி. "தண்ணி வரி கட்டக்கூடிய தெருவுக்கெல்லாம் இந்த உயரம் போதும்."

அந்த வரைபடத்தை அவள்தான் திருத்தினாள். வேறு யாருக்கும் அந்தக் கணக்குத் தெரியாது. தொட்டி உயரத்தின் கோட்டைக் கீழே இறக்க இறக்க, மேட்டுத்தெரு தண்ணீர் மட்டத்துக்கு மேலே போனது. திருப்பித்திருப்பிப் போட்டுப் பார்த்தாள். தண்ணீருக்குத் தாட்சண்யம் தெரியாது; பள்ளத்தைத்தான் பார்க்கும்.

மறுபடி மேடேறியபோது குறடு கையிலிருந்தது. அண்ணன் வாசலுக்கு வந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். "குழாயத் திறந்து விட்டுடறேன் அண்ணே. வேலை போனாப் போகட்டும்."

"வேலை மட்டுமா போகும் பாப்பா? கடன் போயிரும். கீழ இருக்கிறவங்களுக்கும் இல்லாமப் போயிரும்." குறடை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கினார். "அரசாங்கம் நம்மளக் கை கழுவிடுச்சு. கழுவ அதுக்காவது தண்ணி இருக்கே." சிரிக்கப் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை.

லாரித் தண்ணீர் வாங்கிக் கட்டுப்படியாகாமல் அந்த வாரமே வீட்டைக் காலி செய்தார்கள். மகளின் மாமனார் ஊரில் ஓர் அறை கிடைத்திருந்தது. தையல் இயந்திரத்தை வண்டியில் ஏற்றும்போது அண்ணி குழந்தையை, வழியனுப்ப வந்திருந்த அவள் கையில் கொடுத்தாள். அது தூங்கிக்கொண்டிருந்தது, கழுத்து மடிப்பில் வேர்க்குரு. ஏற்றி முடித்ததும் அண்ணி வந்து வாங்கிக்கொண்டாள். "உடம்பப் பாத்துக்க" என்றாள். அவ்வளவுதான்.

வண்டி திரும்பி மறைந்தது. கீழே பிட்டர் காத்திருந்தார்.

"நாளைக்கு எந்தத் தெருவுல மீட்டர் வைக்கணும் மேடம்?"

அவள் மீட்டர் பட்டியலைப் பிரித்தாள்.

"கீழ்த்தெரு" என்றாள்.