இலையோடு ஒட்டிய முட்டைகள்

தவளைக் காப்பகத்தில் வேலை பார்க்கிறவருக்கு வீட்டில் ‘தவளையார்’ என்றுதான் பெயர். வைத்தவன் அவர் மச்சினன். ரோடு ரோலர் ஓட்டுகிறவன். வாய் சும்மா இருக்காது.

அவர் பார்த்துக்கொண்டது மலைக்காட்டு மரத்தவளையை. காட்டில் அதன் சத்தம் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. காப்பகத்தில் மிஞ்சிய ஒரே பெட்டையும் தொட்டிக்குள் ஓர் இலையில் முட்டையிட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தது. இனி அந்த வம்சம் என்றால், இலையில் கொழகொழவென்று ஒட்டியிருந்த அந்த முட்டைகள்தான். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

இந்த முட்டைகள் சரியான பயந்தாங்கொள்ளிகள். இலை விட்டு விட்டு ஆடினால், பாம்பு தின்ன வந்துவிட்டதென்று உள்ளிருக்கும் தலைப்பிரட்டைகள் உடைத்துக்கொண்டு கீழே தண்ணீரில் குதித்துவிடும். மழை ஒரே சீராக அடித்தால் மட்டும் அசையாது. வளர்ந்தபின் குதித்தால் பிழைக்கும். இவை இன்னும் அரைகுறை, குதித்தால் செத்தது. இதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அன்று காலை காப்பக வாசலில் ரோடு போட மச்சினனின் ரோலர் வந்தது. கண்ணாடித் தொட்டி தடதடவென்று நடுங்கியது. தவளையார் வெளியே ஓடினார்.

“மாப்ளே, நிறுத்துடா. உள்ளே முட்டை இருக்கு.”

“என்ன அத்தான், அடைகாக்குறீங்களா?” சிரித்தவன் அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கினான். “தார் ஆறிடும் அத்தான். நானா நிறுத்தினா வேலை போயிடும். ஓட்டிக்கிட்டே மேஸ்திரிகிட்ட போன்ல கேக்குறேன், கொஞ்சம் பொறுங்க.”

எங்கே பொறுப்பது? இலையைக் காம்போடு கிள்ளிப் பின்னறைக்குக் கொண்டுபோய்விடலாமென்று உள்ளே ஓடித் தொட்டிக்குள் கையை விட்டார். பதற்றத்தில் கை நிற்கவில்லை. நடுங்கியது, நின்றது, மறுபடி நடுங்கியது. ஒரு முட்டை உடைந்து உள்ளிருந்தது சொட்டென்று விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கொத்துக்கொத்தாக. இலையை விட்டாலும் ஆடும், பிடித்தாலும் ஆடும். அப்படியே நின்றார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெளியே ரோலர் ஒரே சீராக ஓடிக்கொண்டுதான் இருந்தது. மழையென்று நினைத்துச் சும்மா கிடந்ததுகளுக்குப் பாம்பாக வந்தது தன் கை. பாவி மனுஷன், என்ன செய்வார்? விழுந்தவை நீந்தத் தெம்பில்லாமல் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. இலையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ரோலர் சத்தம் நின்றது. மச்சினன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“மேஸ்திரியோட சண்டையே போட்டுட்டேன் அத்தான். வேலை போனாலும் போகட்டும், வண்டி இனி இந்தப் பக்கம் வராது. காப்பாத்திட்டோம்ல?”

தவளையார் தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றார்.

“ஆமாண்டா,” என்றார்.