சில்வியாவின் ஒறுத்தல்

…பசியே இல்லையே, மத்தியானம் சாப்பிடாமல் இருந்தும் பசி இல்லை, பிறகு ஏன் கை போகிறது, இது ஆறாவதா ஏழாவதா, எண்ணுவதை விட்டு வெகுநேரமாகிவிட்டது, சில்வியா தேங்காய் பன்னைப் பிய்த்துப் பிய்த்து மெல்லாமலே விழுங்கிக்கொண்டிருந்தாள், கோயில் ஒலிபெருக்கியில் ஏழாம் நிலை, இயேசு இரண்டாம் முறை கீழே விழுகிறார், வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில் இன்னும் ஏழு நிலை இருக்கிறது, முடிந்ததும் மாமியார் அமலராணி தெருவிலுள்ள அன்பிய ஜெபக்குழு ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஜெபத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவார், அவர்களுக்கென்று வாங்கி வைத்த இருபத்தைந்து பன்தான் இது, தலைவலி என்று பொய் சொல்லி வீட்டில் தங்கியது இதற்குத்தானா… சீ, என்ன ஜென்மம்.

டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார், பட்டினி மட்டும் கிடக்காதீங்க, வேளாவேளைக்குச் சாப்பிடுங்க, மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, மனச்சோர்வும் இந்தத் தீனியும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரும் என்று. இவள் என்ன செய்தாள், சாம்பல் புதனன்று ஆளாளுக்கு மீனை விட்டேன், டீயை விட்டேன் என்று ஒறுத்தல் சொன்னபோது இவள் மனசுக்குள் மாத்திரையை விட்டாள், ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தால் நோயே போய்விடும் என்று நம்பினாளே, மடச்சி. தவக்காலம் தொடங்கி நாலு வாரம், தூக்கமில்லை, தலைசீவக்கூடக் கை எழவில்லை, அரசலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது, பகலெல்லாம் நோன்பு, ஆளில்லாத நேரத்தில் இது. “நோன்பு இருந்தும் உடம்பு வைக்குதே உனக்கு!” என்று மாமியார் கேட்டது சிரித்துக்கொண்டுதான், ஆனாலும் சுருக்கென்றது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், அத்தை, என்னால முடியலங்க, மாத்திரைய விட்டுட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, அவ்வளவுதானே, சொல்லாவிட்டால் ஒருநாள் அந்தப் பாலத்தில்… ஐயோ, வேண்டாம்.

ஒலிபெருக்கி ஓய்ந்திருந்தது. எப்போது? பதினாலு நிலையும் முடிந்துவிட்டதா, தட்டில் ஒன்பதுதான் பாக்கி, வாசலில் செருப்புச் சத்தம், மாமியார் நேரே சமையல்கட்டுக்கு வந்தார், தட்டைப் பார்த்தார், சில்வியா வாயைத் துடைத்துக்கொண்டாள், இப்போது சொல், இப்போதே சொல்…

“ஐயய்யோ, பாதிக்கு மேல காணோமே! பாத்திரம் தேய்க்க வந்த கல்யாணசுந்தரி வேலையா? நாலு மணிக்கு அவதானே இங்க இருந்தா?”

“ஆமாங்க அத்தை.”

யார் சொன்னது, இவளா, இவள் வாய்தானா?

மாமியார் பெருமூச்சு விட்டார். “போகட்டும், பிள்ளைங்களுக்கு எடுத்திருப்பா, பாவம். தவக்காலத்துல அவள ஒண்ணும் கேக்க வேணாம், நீயும் வெளிய சொல்லிக்காத” என்று மீதி ஒன்பதையும் கத்தியால் துண்டு போடத் தொடங்கினார்.

சில்வியாவின் படபடப்பு அடங்கியது, சொல்ல வைத்திருந்த வார்த்தைகளைத் தேடினாள், அடுத்த வெள்ளிக்கிழமையும் ஜெபத்துக்குப் பன் வாங்குவார்கள், நாலு மணிக்குக் கல்யாணசுந்தரியும் வருவாள் என்பதுதான் முதலில் தோன்றியது.